பதவிக்கு எல்லையும் தொண்டுக்கு எல்லையின்மையும்

சென்னைமாநகரின் வடபாலுள்ள வியாசர்பாடியில் எழுந்தருளியிருக்கும் சிவபெருமானுக்கு இரவீசுவரர் என்பது திருநாமம். இரவியாகிய சூரியன் வழிபட்ட தலமாதலின் இறைவற்கு அத்திருநாமம் போந்ததென்றும், வியாசமுனிவரது தொடர்புடைமையின் ஊர்க்கு அப்பெயர் அமைந்ததென்றும் பெரியோர் கூறுப. உலகின்கண் இடையறாது பணிசெய்வாருள் சூரியனை ஒப்பார் பிறரிலர். ஆயினும் அச்சூரியனும் குறித்த நாழிகையில் தோன்றிக் குறித்த நாழிகையில் மறைகின்றான். மறையுங்கால் அவன் ஆற்றல் ஒழிந்தான் என்று எவரும் உரையார். அவன் மறைவால் உழைத்துக் களைத்த உயிர்கள் இளைப்பாறுகின்றன. மதியும் விண்மீன்களும் தத்தம் ஒளியைக் காட்டுதற்கு இடம் பெறுகின்றன. ஆற்றல் ஒழிந்தமையாலன்றி எல்லை வந்தமையால் விலகுதலாகிய இவ்வொழுங்கு, மக்கள் செய்யும் அரசபணிக்கும் பொருந்துமோ பொருந்தாதோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

ஆங்கிலேயராட்சியில் அரசூழியர் 55 ஆண்டு நிரம்பியவுடன் ஓய்வுபெறுதல் பெருவழக்காயிருந்தது. மத்திய அரசினர் அதனை 1962ஆம் ஆண்டில் 58 ஆகவும், 1998ஆம் ஆண்டில் 60 ஆகவும் உயர்த்தினர். தமிழ்நாட்டிலும் நெடுங்காலம் 55 ஆயிருந்த எல்லை பின்னர் 58 ஆயிற்று. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் 59 ஆயிற்று. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் 60 ஆக அறிவிக்கப்பட்டது. கொள்ளைநோயால் அரசின் வருவாய் குன்றிய காலத்தில், ஓய்வுபெறுவார்க்கு ஒருங்கே கொடுக்கவேண்டிய தொகையைச் சிறிது தள்ளிவைத்தற்கு இவ்வுயர்வு உதவிற்று என்று பலரும் கருதினர். காரணம் யாதாயினும் ஆகுக. பணியிலுள்ளார்க்கு ஈராண்டு நீண்டதெனின், வாயிலில் நிற்பார்க்கு ஈராண்டு அடைபட்டது என்பதும் உடன்வைத்து எண்ணற்பாலதாம்.

வாயிலில் நிற்பார் யாவர்? 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நான்காம் தொகுதித் தேர்வு நடத்தியபோது, முதற்கண் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. அவற்றிற்கு விண்ணப்பித்தார் தொகை 22 லட்சத்திற்கு மேற்பட்டது. ஓரிடத்தை நோக்கி ஏறக்குறைய 300 பேர் நின்றனர் என்க. இத்தொகையின் பொருளை வியாசர்பாடி போன்ற ஊர்களில் நின்று காண்பார் நன்கறிவர். அவ்வூர்க்கு அணித்தாய்ப் பெரம்பூரில் விளங்கிய பக்கிங்காம் கர்நாடிக் ஆலை, தலைமுறை தலைமுறையாகப் பல்லாயிரம் குடும்பங்கட்குச் சோறளித்தது. 1918ஆம் ஆண்டில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றுதற்கு அவ்வாலைத் தொழிலாளரே முதற்காரணராயினர். அவ்வாலை 1996ஆம் ஆண்டில் மூடப்பட்டது. வியாசர்பாடியில் 1973ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக்கல்லூரியிலிருந்து, தம் குடியில் முதன்முதற் பட்டம் பெற்ற இளைஞர் ஆண்டுதோறும் வெளிப்போதுகின்றனர். ஆலையும் இல்லை, விளைநிலமும் இல்லை, கைம்முதலும் இல்லை என்னும் குடியிற் பிறந்தார்க்கு அரசபணி ஆடம்பரமன்று. அது தலைமுறை வறுமையைத் தாண்டுதற்கு அமைந்த ஒற்றைப் பாலமாம். அப்பாலத்தின்மேல் முன்னே செல்வார் விரைந்து கடவாராயின், பின்னே நிற்பார் கரைசேரும் நாள் எந்நாள்?

இனி இதனைச் சித்தாந்த நெறிநின்று நோக்குதல் வேண்டும். இறைவன் இயற்றும் ஐந்தொழிலுள் அழித்தல் ஒன்று. அறியாதார் அதனைச் சினத்தின் செயலென்று அஞ்சுவர். சிவஞான சித்தியார் முதலிய மெய்ந்நூல்களோ அஃது உயிர்களின் இளைப்பை ஒழித்தற்பொருட்டு நிகழும் அருட்செயலே என்று தெளிவிக்கும். பிறந்தும் இறந்தும் வினைகளை ஈட்டியும் நுகர்ந்தும் களைத்த உயிரை, அவ்வுயிர் வேண்டாதபோதும் தனுகரணங்களினின்று வாங்கிச் சிறிது இளைப்பாற்றுதல் தாயின் செயல் போல்வதாம். விளையாட்டில் மூழ்கிய மகவைப் பொழுதடைந்தவுடன் கையைப் பற்றி இல்லத்துக்கு அழைத்துச் செல்லும் தாயை, மகவு பகையென்று கருதி அழும். அவ்வழுகையால் தாயின் செயல் அருளல்லாததாய் விடாது. பணியினின்று ஒருவரை எல்லை குறித்து விடுவித்தலும், செய்யவேண்டிய முறையிற் செய்யப்படுமாயின், இவ்வருளின் சாயலையுடையதேயாம்.

அற்றேல், விரும்பினார் தாமே விலகுக. கட்டாயம் எற்றுக்கெனின், கூறுதும் என்று புகுவார்க்குச் சித்தாந்தமே விடை தருகின்றது. ஆணவமலத்தின் இயல்பு தன்னைத் தான் காட்டாமை. புறவிருள் பிறபொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவ இருளோ தன்னையும் மறைத்து நிற்கும். கண்ணிற் படர்ந்த படலம் தானே நீங்கமாட்டாது, மருத்துவன் கருவிகொண்டு உரித்தால் நீங்குதல் போல, உயிரைப் பற்றிய மலமும் குருவின் கையாலன்றி நீங்காதென்பர். நாற்காலியில் முப்பதாண்டு அமர்ந்தவர்க்கு, அந்நாற்காலி தம்முடம்பின் ஓருறுப்பாகத் தோன்றும். தாம் எழுந்தால் அலுவலகம் நில்லாதென்று அவர் மெய்யாகவே நம்புவர். பொய்யுரைத்தாரல்லர், படலம் மறைத்தது. ஆதலின், எழுதற்குரிய காலத்தை எழவேண்டியவரே வரையறுக்க வேண்டுமென்றல், நோயாளியே தன் கண்ணைத் தான் அறுக்க வேண்டுமென்றல் போலும். யான் எனதென்னும் செருக்குக்கு இடமாகிய பதவியினின்று, பொதுவிதியொன்று முன்னரே குறித்த நாளில் வந்து எழுப்புதல் நன்றேயாம்.

இக்கருத்துக்கு இலக்கியமாவார் திருத்தொண்டர்களுட் பலர். ஐயடிகள் காடவர்கோன் நாயனார் பல்லவர்கோனாய்ப் பகையடக்கி அறம்புரிந்து ஆண்டவர். அரசாட்சியை இன்னல் எனத் தெளிந்து, அதனைத் தம் புதல்வர்க்கு ஒப்புவித்துத் தலந்தோறும் சென்று வழிபட்டார். அவர் அருளிய க்ஷேத்திரத் திருவெண்பா பதினோராந் திருமுறையிற் சேர்ந்துள்ளது. உடல் தளர்ந்து உயிர் பிரிதற்கு முன்னரே சிவதலங்களை அடைதல் வேண்டுமென்று நெஞ்சுக்கு அறிவுறுத்தலே அவ்வெண்பாக்களின் உயிர்நிலை. தளர்ந்தபின் விடுதலின், தளருமுன் விடுதலே துறவுக்கு அழகு என்பது அவர் வரலாற்றாற் போந்த பொருள். சேக்கிழார் பெருமானும் சோழர்க்கு அமைச்சராயிருந்து, பின்னர் அப்பதவியை விடுத்துத் தில்லையில் உறைந்தனர் என்பது வரலாறு.

இவற்றினுஞ் சிறந்த சான்று சிறுத்தொண்ட நாயனாரது வரலாறாம். பரஞ்சோதியார் என்னும் இயற்பெயருடைய அவர் பல்லவர் படைத்தலைவராய்ச் சென்று வாதாபியை வென்றார். அவ்வெற்றி நிகழ்ந்தது கி.பி. 642 என வரலாற்றாசிரியர் கூறுப. மீண்டுவந்த அவருடைய வலிமை சிவனடிமைத்திறத்தால் வந்ததென்று அமைச்சர் உணர்த்த, மன்னன் அடியாரைப் போர்முகத்துக்கு விடுத்தேனே என்று நடுங்கிப் பிழைபொறுக்க வேண்டினான். வேண்டியதோடு அமையாது, நிறைந்த நிதியும் வாழ்க்கைக்கு வேண்டிய விருத்திகளும் அளித்து, இனித் திருத்தொண்டே புரிக என்று விடைகொடுத்தான். அவர் செங்காட்டங்குடியடைந்து கணபதீச்சரத்தானுக்குத் தொண்டு செய்து அடியார்க்கு அமுதளித்து வாழ்ந்தார். ஈண்டு உற்றுநோக்கற்பாலன மூன்று. அவர் ஆற்றல் குன்றி விடுவிக்கப்பட்டாரல்லர். வெற்றியின் உச்சியில் விடுவிக்கப்பட்டார். விடுவித்தவன் இகழ்ந்து விடுத்தானல்லன், வணங்கி விடுத்தான். வெறுங்கையோடு விடுத்தானல்லன், வாழ்க்கைக்கு வகைசெய்து விடுத்தான். அரசூழியரை முற்பட விடுவிக்க நினைக்கும் எவ்வரசுக்கும் இம்மூன்றுமே இலக்கணமாதல் வேண்டும்.

இனி இதன்மேல் எழுந்த தடைகளை ஒவ்வொன்றாக ஆராய்தல் முறை.

வள்ளுவனார் தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்தில், வினைக்குரியானைத் திறம் நோக்கித் தெளிந்து அவ்வினையை அவன்பால் விடுக என்றாரன்றி, ஆண்டை எண்ணுக என்றிலரே. திறமுடையானை வயது பற்றி விலக்குதல் அவர் கருத்துக்கு மாறன்றோ எனின், மாறன்று. ஒருவரை ஒரு வினைக்குத் தெரிந்தெடுத்தல் வேறு. ஆயிரக்கணக்கானோர்க்குப் பொதுவாகிய ஒழுங்கு வகுத்தல் வேறு. இன்னார் இருக்க, இன்னார் செல்க என்று ஒவ்வொருவரையும் முடிவில் அளந்து பார்க்கத் தலைப்பட்டால், அளப்பவர் மனக்கோட்டமே அளவுகோலாய் முடியும். வேண்டியவர் திறமுடையராவர், வேண்டாதவர் தளர்ந்தவராவர். வயதென்னும் அளவுகோல் எவர் முகத்தையும் நோக்குவதில்லை. மேலும், வயதால் விலக்குதல் முறையன்றென்பார், தாம் பணியிற் புகுந்த வாயிலை நினைதல் வேண்டும். அரசபணிக்கு விண்ணப்பிப்பார்க்கு மேல்வயது வரம்பு உளது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டில் அவ்வரம்பு ஈராண்டு உயர்த்தப்பட்டது; உயர்த்தப்பட்டதேயன்றி எடுபடவில்லை. வரம்பைக் கடந்த ஒருநாளில், திறமிருந்தும் வெளியே நிறுத்தப்பட்ட இளைஞர் எண்ணிறந்தவர். புகும்வாயிலில் ஆண்டுக்கணக்கு அறமாயின், போகும்வாயிலிலும் அஃது அறமேயாதல் வேண்டும். ஒரு வாயிலில் அதனை ஏற்று மற்றொரு வாயிலில் மறுத்தல் நடுவுநிலைமையன்று.

நாடு விடுதலையடைந்த காலத்தில் மக்களின் சராசரி வாழ்நாள் 32 ஆண்டளவினது. இந்நாளில் 70 ஆண்டளவினது. வாழ்நாள் நீண்டது போலப் பணிநாளும் நீளுதல் தக்கதன்றோ எனின், இத்தடை கணக்கின் இயல்பை நுனித்து நோக்காமையால் எழுந்தது. அந்நாளிற் சராசரி குறைந்திருந்தமைக்குப் பெருங்காரணம் குழவிப்பருவத்திலேயே பலர் இறந்தமை. 55 வயது கண்டோர் அந்நாளிலும் உடனே இறந்துபட்டாரல்லர். ஓய்வூதியம் பெற்றுப் பேரன் பேர்த்தியரைக் கண்டு வாழ்ந்தோர் பலர். மருத்துவத்தால் முதியோர்க்கும் ஆண்டுகள் சில கூடின என்பது உண்மையே. கூடிய அவ்வாண்டுகள் யாருக்கு உரியவை என்பதே வினா. மானிடப்பிறவி பெறுதற்கரியதென்றும், அது சிவனை வழிபட்டு உய்தற்பொருட்டே தரப்பட்டதென்றும் கொள்ளும் சைவர்க்கு, இறைவன் நீட்டித்தளித்த நாட்களையும் கோப்புகளுக்கே உரியவாக்குதல் பொருந்துமாறில்லை. கண்ணொளி மங்கிக் கால் தள்ளாடியபின் கிட்டும் ஓய்வு தலயாத்திரைக்கு உதவாது. கற்றறியாத தேவாரத்தைக் கற்றற்கும் உதவாது. 58ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ கிட்டும் ஓய்வு, சரியை கிரியைகளை உடல்வலியோடு செய்தற்கு இடந்தருவதாம்.

அற்றேல், அப்பரடிகள் எண்பத்தோராண்டளவும் உழவாரப்படை தாங்கித் தொண்டுசெய்தனரே. அவர்க்கு யாவர் ஓய்வளித்தனர் எனின், இத்தடையே சித்தாந்தத்துக்குத் துணையாய் முடிகின்றது. தொண்டு வேறு, பதவி வேறு. பதவியென்பது எண்ணப்பட்ட இடம். ஒருவர் இருந்தால் மற்றொருவர் இருத்தற்கு ஆகாது. தொண்டோ எண்ணற்ற இடம். ஒருவர் செய்ததனால் மற்றொருவர்க்குக் குறைவதில்லை. திருப்புகலூரில் அப்பரடிகள் புல்செதுக்கியபோது, பொன்னும் மணியும் கிடந்தனவாக, அவற்றையும் பருக்கைக்கல்லோடு ஒப்பவெண்ணி உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார். அவர் கையிலிருந்தது ஊதியம் தரும் கருவியன்று. அவர் நின்றது பிறனொருவன் காத்திருக்கும் இடமன்று. ஆதலின் தொண்டுக்கு எல்லையில்லை. பதவிக்கு எல்லை உண்டு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குதலாலேயே, பதவி போனால் தாம் பயனற்றவராவோம் என்று பலர் வருந்துகின்றனர்.

முதியோர் விலகின் அவர்தம் பட்டறிவு வீணாகுமென்பார் உளர். திருவாவடுதுறை, தருமபுரம் முதலிய ஆதீனங்களிற் குருமகாசந்நிதானங்கள் பட்டத்தை வாழ்நாள் முழுதும் தாங்குதலை எடுத்துக்காட்டுவாரும் உளர். குருபீடம் அருள்வழி வந்தது. அலுவலகம் சட்டவழி வந்தது. இரண்டையும் ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் அவ்வாதீனங்களிலும் சின்னப்பட்டம் என்னும் மரபு உண்டு. பின்வருவாரை முன்னரே தெரிந்து உடன்வைத்துப் பயிற்றுதலே அதன் பயன். அம்முறையை அலுவலகங்கள் மேற்கொள்ளுமாயின் பட்டறிவு வீணாகாது. அறிவு நிலைத்தற்குப் பீடம் இன்றியமையாததுமன்று. சிவஞான முனிவர் ஆதீனத் தலைமைப்பட்டம் ஏற்றவரல்லர். ஆயினும் அவரியற்றிய மாபாடியத்தால் சிவஞான போதத்தின் பொருள் இன்றளவும் விளங்குகின்றது.

இனி, எல்லையை முற்படுத்துதல் நன்றென்று துணிந்த இடத்தும், அதனைச் செய்யும் முறை பிழைத்தால் அறம் பிழைக்கும். ஆந்திர நாட்டில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. என். டி. ராமராவ் அரசு 1983ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் ஓய்வு வயதை 58இலிருந்து 55 ஆகக் குறைத்து ஆணையிட்டது. 55 கடந்தோர் அம்மாதம் 28ஆம் நாளே விடுவிக்கப்பட்டனர். அவ்வாறு விடுவிக்கப்பட்ட அரசூழியர் 18,000க்கு மேற்பட்டவர். 1984ஆம் ஆண்டில் அவ்வயது மீளவும் 58 ஆக்கப்பட்டது. குறைத்த ஆணையைப் பற்றிய வழக்கில், தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் முதலியோர் அடங்கிய உச்சநீதிமன்றம் 1985ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் தீர்ப்பளித்தது. இளைஞர்க்கு வேலைக்கு வழிகாணுதலும் ஓய்வு வயதை வகுக்கும் கொள்கையின் ஓருறுப்பேயாம் என்னும் கருத்துப்பட, அவ்வாணை செல்லுமென்றே அத்தீர்ப்பு முடிந்தது. சட்டம் செல்லும் என்றது; அஃது ஒருபுறம் நிற்க. இருபது நாள் இடைவெளியில் ஒருவர் தம் வாழ்வின் கணக்கை மாற்றியமைத்தல் எங்ஙனம் இயலும்? மகளின் மணத்துக்கும் மகனின் படிப்புக்கும் வீட்டுக்கடனுக்கும் மூன்றாண்டு ஊதியத்தை நம்பியிருந்தோர் உள்ளம் எரிந்திருத்தல் ஒருதலை. சூரியன் மறைவு வருத்தாமைக்குக் காரணம், அது மறையும் நாழிகையை யாவரும் காலையிலேயே அறிந்திருத்தல். ஆதலின் எல்லையைச் சுருக்குவார், புதியராய்ப் புகுவார்க்கு முதலிற் சுருக்கிப் பழையார்க்குப் படிப்படியாய்ச் சுருக்குதல் வேண்டும்.

அன்றியும், ஓய்வூதியம் இல்லாத ஓய்வு இளைப்பாற்றலன்று, தெருவில் நிறுத்துதலாம். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் முதற் பணியிற் புகுந்தார், பழைய உறுதியான ஓய்வூதிய முறையினின்று நீக்கப்பட்டுப் பங்களிப்புத் திட்டத்தின்கீழ் வைக்கப்பட்டனர். முதுமையில் இவ்வளவு வரும் என்னும் உறுதியில்லாதார், எழுக என்றவுடன் எழ அஞ்சுதல் இயல்பே. அவ்வச்சத்தை ஆணவமென்று இகழ்தல் அறமன்று. பல்லவ மன்னன் விருத்தி கொடுத்த பின்னரே விடைகொடுத்தான் என்பதை மறவற்க. இன்னும், முதியவர் எழுந்த நாற்காலியில் இளையவரை இருத்தாது, செலவு மிச்சமென்று அதனை வெறிதே வைத்திருத்தலும் உண்டு. அங்ஙனமாயின் முதியவரை எழுப்பியதற்கு நியாயமில்லை. ஒருவர் இழந்தது மற்றொருவர்க்குச் சேராது நடுவே அழிந்தது. இடம் ஒழிந்தால் நிரப்புதல் என்னும் உறுதியே முற்பட ஓய்வளித்தற்கு வேராகும். வேரற்ற விதி அறமென்று நில்லாது.

இவ்வளவும் எண்ணியபின், ஓய்வென்றால் துயரென்று கலங்கும் அரசூழியர் நோக்கற்பாலது ஒன்றுண்டு. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மூட்டை சுமந்தும் வண்டியிழுத்தும் வலைவீசியும் பிழைப்பார்க்கு 60ஆம் ஆண்டும் இல்லை, 58ஆம் ஆண்டும் இல்லை. முதுகு ஒடியும் நாளே அவர்க்கு ஓய்வு பெறும் நாள்; அந்நாளில் மாலையிடுவாரும் இலர், மாதந்தோறும் ஊதியம் அளிப்பாரும் இலர். குறித்த நாளில், உடல்நலத்தோடு, உணவுக்கு வகையோடு விடுவிக்கப்படுதல் இவ்வுலகில் மிகச் சிலர்க்கே வாய்த்த பேறு. அப்பேற்றைத் தண்டனையென்று அழுதல், பேறு வாயாதாரை நோக்க நாணத்தக்கதாம்.

வியாசர்பாடியில் வாழ்ந்த பெரியோருள் கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகள் ஒருவர். வேதாந்த நெறியினராயினும், அவர்தம் பெயரிலுள்ள பொருள் சைவர்க்கும் உவப்பாவதே. கரமே பாத்திரமாகக் கொண்டவர்க்கு, ஏந்தியது உண்டபின் கை வெறுங்கையே; வைத்துக்கொள்ளுதற்குக் கலமில்லை. பதவியையும் அங்ஙனம் ஏந்துதலே அறிவுடைமை. வந்தபோது இருகையும் ஏந்தி ஏற்று, காலம் முடிந்தபோது கையை விரித்துவிடின், அக்கை குவித்துத் தொழுதற்கு உரியதாகும். பற்றிய கை தொழமாட்டாது.

எனவே, அரசபணிக்கு எல்லையை 60 என நீட்டித்தலினும் 58 என நிறுத்துதலே தக்கது. முன்னறிவிப்பும் ஓய்வூதியமும் இடம் நிரப்புதலும் உறுதியாயின், 55 எனச் சுருக்குதலும் அறத்துக்கு மாறாகாது. அது முதியவரை இகழ்தலன்று. அவர்தம் எஞ்சிய நாளை அவர்க்கே மீட்டளித்தலாம். மாலைப்பொழுதில் இரவீசுவரர் திருமுன்னர் விளக்கேற்றுங்கால், அலுவல் முடித்த ஒருவர் அடியார் கூட்டத்தில் அமர்ந்து தேவாரம் கேட்கின்றார். அவர் எழுந்த இடத்தில், அவ்வூர்த் தெருவிற் பிறந்த இளைஞர் ஒருவர் மறுநாட் காலையில் அமர்கின்றார். இருவர்க்கும் நிகழ்ந்தது ஒன்றே. அஃது அருள் என்க.

திருச்சிற்றம்பலம்.